வாசலுக்குத் தேக்கு, தோட்டத்துக்குத் தகரம்

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீடு போன பெண்களைத் திண்டிவனம் நிறையப் பார்த்திருக்கிறது. மாமியாரோடு ஆகாமல் போனவர்கள் உண்டு, குடிக்குப் பயந்து போனவர்கள் உண்டு. வெயிலோடு கோபித்துக்கொண்டு போனவள் சித்ரா ஒருத்திதான். பங்குனி கடைசியில் ஒரு பையில் நான்கு புடவையை மடித்து வைத்துக்கொண்டு, செஞ்சி பஸ் ஏறி, வல்லத்தில் இருக்கும் அக்கா வேணி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கத்தவில்லை, அழவில்லை. புருஷன் சீனுவாசனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வூடு வேவுது. அத்த சரி பண்ணுங்க, வர்றேன்."

அதற்கு நான்கு நாள் முன்புதான் அவள் சமையல்கட்டில் மயங்கி விழுந்திருந்தாள். மத்தியானம் மூன்று மணி. பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வெண்ணிலா ஓடிவந்து பார்த்திருக்கிறாள். மேடை முனை இடித்துப் புருவத்துக்கு மேலே இரண்டு தையல். உடம்பில் தண்ணீர் வற்றிப்போய்விட்டது, சூட்டில் நிற்க விடாதீர்கள், இன்னொரு தரம் இப்படி வந்தால் இப்படியே எழுந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சீனுவாசன் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும், "வெள்ளிக்கெழம வெரதம் இருக்காதன்னா கேக்கறியா?" என்று அவளையே திட்டினார்.

சீனுவாசன் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருஷமாகக் கடை. 'கதவு, நிலை, ஜன்னல்கள், மின் இணைப்பு சகிதம்' என்று அவர் எழுதிக் கைமாற்றிக் கொடுத்த வீடுகளை ஒன்றாகச் சேர்த்தால் தனியாக ஒரு ஊரே வரும். எந்த வீட்டுக்கும் நான்கு எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காலை ஒன்பது மணிக்குப் போனால் ஆறரைக்குத்தான் திரும்புவார். அஷ்டமி நவமியில் பத்திரம் பதிய ஆள் வராது. அன்றைக்கு மட்டும் மத்தியானம் வீட்டில் இருப்பார். அப்போதும் படுக்கையறையில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குவார். சொந்த வீடு கட்டிப் பதினோரு வருஷத்தில் அந்த வீட்டின் மூன்று மணியை அவர் கண் திறந்து பார்த்ததில்லை.

முதல் வாரம் வீறாப்பாக இருந்தார். வேணி வீட்டு வெயில் மட்டும் பாலாறாக ஓடுதா என்று கேலி பேசினார். ஓட்டலில் சாப்பிட்டார். இரண்டாவது வாரம் வயிறும் மனசும் சேர்ந்து சுருங்கின. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், பிரசவத்துக்குப் போனதைத் தவிர, சித்ரா இத்தனை நாள் வெளியே போய் இருந்ததில்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்து இருட்டு ஹாலுக்குள் கால் வைக்கும்போது பழக்க தோஷத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். அதை வெளியே சொன்னால் ரைட்டர் மானம் என்ன ஆவது?

சென்னையில் வேலை பார்க்கும் மகள் கலைமதி போனில் ஒரு வழி சொன்னாள். "எல்லாத்தையும் மாத்திடுப்பா. இப்ப வெயில உள்ளயே வுடாத ஜன்னல் வருது. ரெட்டைக் கண்ணாடி. கரண்டு பில்லும் கொறயும்."

"ஜன்னல்தான? இன்னா பெரிய விஷயம், வாங்கிட்டாப் போச்சு," என்றார் சீனுவாசன்.

விழுப்புரத்தில் புதிய பஸ் நிலையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கடை இருந்தது. திருமுருகன் என்று ஒரு ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டைப் பையில் டேப்பும் பென்சிலுமாக வரவேற்றார். மேசை மேல் ஒரு பெட்டி. உள்ளே பெரிய பல்பு எரிந்தது. ஒரு பக்கம் சாதாரணக் கண்ணாடி, மறு பக்கம் ரெட்டைக் கண்ணாடி.

"ரெண்டு பக்கமும் கையை வெச்சுப் பாருங்க சார்."

சீனுவாசன் வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சுள்ளென்று சுட்டது. அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

"ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தை அடைச்சு சீல் பண்ணிருக்கோம். உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு கீது. வெளிச்சத்த வுட்டுட்டு சூட்டைத் திருப்பி அனுப்பிடும். பிரேமு யுபிவிசி, கெட்டியான பிளாஸ்டிக்கு, அதுவும் சூட்டைக் கடத்தாது. ஸ்லைடிங் வேணாம் சார், சந்து இருக்கும், ஏசி காத்து ஓடிப்போயிடும். தொறக்கற மாதிரி போட்டுக்கங்க, ரப்பர் வெச்சு இறுக்கமா மூடிக்கும்."

சீனுவாசனுக்கு உத்தரவாதப் பத்திரத்தைக் கொடுத்தால் போதும். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை கண்டுபிடித்து, திருப்தியானார். திருமுருகன் நோட்டைத் திறந்தார்.

"எந்த ரூமு சார் ரொம்ப சூடு? எத்தினி மணிக்கு?"

"எல்லாம் சூடுதான். நீ ஹாலுக்கு ரெண்டு, பெட்ரூமுக்கு ரெண்டு எழுதிக்க."

"வூட்டுல மேடத்தக் கேட்டா கரெக்டா சொல்வாங்க சார். ஒரு போன் போட்டு..."

"ஏம்ப்பா, வூட்டக் கட்டுனவன் நானு. கெழக்குப் பாத்த வாசல். கெழக்குல ஹாலு, தெக்கால பெட்ரூமு. வாஸ்துப்படி அக்கினி மூலை கெடைக்கலன்னு சமையக்கட்டை வாயு மூலைல வெச்சிருக்கேன், வடமேற்குல. எனக்குத் தெரியாததா?"

"சமையக்கட்டுலேர்ந்து தோட்டத்துக்குப் போற கதவு இன்னா கதவு சார்?"

"அது தகரம். அத்த யாரு பாக்கப் போறாங்க? வுடு."

வாங்க வந்தவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று திருமுருகனுக்குப் புரிந்துவிட்டது. நான்கு ஜன்னல் என்று எழுதினார்.

சித்திரை நடுவில் ஜன்னல்கள் வந்து இறங்கின. பழைய மரச் சட்டத்தைப் பெயர்த்து, புதியதை நிறுத்தி, சுற்றிலும் நுரை அடித்து, ஒரே நாளில் வேலையை முடித்தார்கள். சீனுவாசன் மூடிப் பார்த்தார். தெருவில் போன லாரிச் சத்தம் பாதியாகிவிட்டது. ஹாலில் உட்கார்ந்தால் உண்மையிலேயே இதமாக இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே வல்லம் போய் நின்றார்.

"வா, வந்து பாரு. பகல்ல படுத்தா போர்வை கேக்கும்," என்றார்.

சித்ரா அக்காவைப் பார்த்தாள். வேணி ஒரு படி மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பையில் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சித்ரா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டாள். படுக்கையறைக்குப் போய் அங்கேயும் தொட்டாள். அப்புறம் சமையல்கட்டு வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா கீது," என்றாள். அவ்வளவுதான். சீனுவாசன் அன்று ராத்திரி மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மல்லிகைப்பூவோடு வந்தார். வீடு பூட்டியிருந்தது. சாவி வெண்ணிலாவிடம் இருந்தது.

"அக்கா மூணரைக்கே கெளம்பிட்டாங்கண்ணா. மொகமெல்லாம் செவந்து போயிருந்துச்சு. சாம்பாரு ஹாட்பாக்ஸ்ல கீதுன்னு சொல்லச் சொன்னாங்க."

சீனுவாசனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை செய்தும் மதிப்பில்லையா? பூவைச் சாமி படத்துக்குக்கூடப் போடாமல் மேசை மேல் எறிந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோபம் பாதை மாறி விழுப்புரம் பக்கம் போனது. கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு, நம்மை ஏமாற்றிவிட்டான். போனை எடுத்தார். உத்தரவாதப் பத்திரத்தின் நான்காவது பத்தியைத் திருமுருகனுக்கே படித்துக் காட்டினார்.

திருமுருகன் கோபப்படவில்லை. "சூடான நேரத்துல வந்து பாக்கறேன் சார். நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வூட்டுல இருங்க," என்றார்.

மறுநாள் நல்ல வேளையாக அஷ்டமி. சீனுவாசன் வீட்டில் இருந்தார். திருமுருகன் ஒரு சின்னத் துப்பாக்கி கொண்டுவந்தார். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்த ஜாதி. ஹால் ஜன்னலில் குறி வைத்தார். முப்பத்து மூன்று. படுக்கையறையில் முப்பத்து நான்கு.

"வெளிய நாப்பத்தொண்ணு சார். கண்ணாடி மேல தப்பில்ல. உள்ள போலாமா?"

சமையல்கட்டுக்குள் கால் வைத்ததுமே சீனுவாசனின் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வேர்வை பூத்தது. மேற்குப் பார்த்த தோட்டத்துக் கதவு மூடியிருந்தது. இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த கதவு. திருமுருகன் அதன் மேல் குறி வைத்து, துப்பாக்கியைச் சீனுவாசனிடம் நீட்டினார். அறுபத்தொன்று.

"மெஷினு தப்பா காட்டுது," என்றார் சீனுவாசன். சொல்லிக்கொண்டே கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். கையை உதறிக்கொண்டே குழாயடிக்குப் போனார். குழாயில் தண்ணீரும் வெந்நீராக வந்தது.

"நான் எந்த வூட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் இதான் சார்," என்றார் திருமுருகன். "வாசலுக்குத் தேக்கு. கஜலட்சுமி செதுக்கி, பாலீஷ் போட்டு, ஆசாரிக்கு வேட்டி துண்டு வெச்சுக் குடுப்போம். தோட்டத்துப் பக்கம் வரும்போது கையில காசு தீந்திரும். கிரில் பட்டறைல சொல்லி ஒரு தகரம். யாரு பாக்கப் போறாங்கன்னு எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் சொல்வாங்க. ஏன், எங்க வூட்டுலயும் அதான். ஜன்னல் வித்துக்கினு திரியறேன், எங்கம்மா தகரத்துக்கு முன்னாலதான் சோறாக்குது."

அவர் போன பிறகு சீனுவாசன் அங்கேயே நின்றார். அடுப்பு மேடைக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. சித்ரா நிற்கும் இடம் அது. அவர் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தார். அடுப்பைப் பற்ற வைத்து ஒரு சொம்பு தண்ணீரை ஏற்றினார். முன்னால் அடுப்பு, முதுகுக்குப் பின்னால் இன்னொரு அடுப்பு. பத்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. இருபது நிமிஷத்தில் காதுக்குள் ஏதோ இரைந்தது. அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை.

ஹாலுக்குப் போகத் திரும்பியபோதுதான் கதவின் மேல் மூலைகளில் இரண்டு ஆணி இருப்பதைப் பார்த்தார். ஒரு ஆணியில் கோணிச் சாக்கின் நார் கொஞ்சம் சிக்கியிருந்தது. அதை இழுத்து எடுத்துப் பார்த்தார். அந்த ஆணிகளில் எப்போதும் ஈரச் சாக்கு ஒன்று தொங்கும். எதையோ துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். தகரத்தின் சூட்டைத் தடுக்கத்தான் என்று இப்போதுதான் உறைத்தது. பங்குனியில் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி பத்திர விஷயமாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போவார்களே என்று, "இன்னாடி இது அசிங்கமா, குடிசை மாதிரி?" என்று சாக்கைப் பிடுங்கி மதில் பக்கம் எறிந்தவர் அவர்தான். பார்ட்டி அன்றைக்கு வரவேயில்லை. அன்றைக்கு மத்தியானம்தான் சித்ரா விழுந்தாள்.

சீனுவாசன் தரையில் உட்கார்ந்தார். ஐம்பத்துநான்கு வயது ஆம்பிளை சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதார் என்றால் பதிவு அலுவலகத்தில் நம்ப மாட்டார்கள். அழத்தான் செய்தார்.

மறுநாள் வல்லத்துக்குப் போனபோது அவர் 'வா' என்று கூப்பிடவில்லை. சித்ரா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாக்கு விஷயத்தைச் சொன்னார். நடுவில் இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"தெரியும்," என்றாள் சித்ரா.

"தெரிஞ்சுக்கினு ஏன் சொல்லல?"

"சொன்னேன். கிரகப்பிரவேசம் முடிஞ்ச மொத வருஷம் சொன்னேன், அந்தக் கதவ மாத்தலாம்னு. அதுக்கப்புறம் எத்தினி தடவை சொன்னேன்னு நானே மறந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் யாரு பாக்கப் போறாங்கன்னீங்க. பதினோரு வருஷமா நான் பாத்துக்கினுதான கீறேன்? நான் ஆளில்லையா?"

முறம் நிற்கவில்லை. சீனுவாசன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். "விழுப்புரம் வரைக்கும் வர்றியா? கதவை நீ பாத்து எடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றார்.

"தொறக்காம இருந்துருவீங்களா?" என்று உள்ளேயிருந்து வேணி கேட்டாள்.

அவர் இருந்தார் என்பதுதான் ஆச்சரியம். கடையில் திருமுருகன் அதே நோட்டைத் திறந்து, அதே கேள்வியைச் சித்ராவிடம் கேட்டார். எந்த இடம் சூடு, எத்தனை மணிக்கு? சித்ரா முதலில் சேலைத் தலைப்பைத் திருகினாள். யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அப்புறம் ஆரம்பித்தாள்.

"காலைல பத்து மணி வரிக்கும் ஒண்ணும் இல்ல. பன்னெண்டுக்குக் கதவோட அடிப்பக்கம் வெயிலு வரும். ரெண்டு மணிக்குப் பாதிக் கதவு. மூணு மணிக்கு முழுக்க. அப்ப கதவத் தொறந்தா வெயிலு அடுப்பு மேலயே அடிக்கும், மூடுனா தகரம் காயும். நாலு மணிக்கு மரக்காணம் பக்கமிருந்து கடல் காத்து வருமில்ல, அது வாசல் வழியா ஹாலு வரைக்கும் நல்லா வரும். ஆனா வெளிய போக வழி இல்லாததால சமையக்கட்டுக்குள்ள வராது, ஹாலோட நின்னுரும். ஆறரைக்கு வெயிலு எறங்கும். அப்பவாவது தோட்டத்துக் கதவத் தொறக்கலாம்னா வெளக்கு வெக்கற நேரம். வெளக்கு வெக்கும்போது வாசக்கதவத் தொறந்து வெச்சுட்டுப் பின்கதவ சாத்தணும், லட்சுமி வெளிய போயிருவாங்க. அப்ப ஏழு மணி ஆயிருது. அதுக்குள்ள சமையலே முடிஞ்சிரும்."

திருமுருகன் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சீனுவாசனும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டிய வீடு, அவர் பெயரில் பட்டா உள்ள வீடு. அதில் மணிக்கு மணி வெயில் நடந்து போகும் வழியை இவள் எல்லைக்கல் நட்ட மாதிரி சொல்கிறாள். அந்த வீட்டில் அவர் குடியிருக்கவேயில்லை, ராத்திரி வந்து தங்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"அப்ப இன்னா பண்ணலாம் மேடம்?" என்று திருமுருகன் அவளிடமே கேட்டார்.

"கதவு சூடு கடத்தாததா ஒண்ணு. அதுக்கு மேல வெளிப்பக்கம் ரெண்டடிக்கு ஒரு சன்ஷேடு. வடக்குச் செவுத்துல ஜன்னலே இல்ல. அங்க ஒண்ணு போட்டா, கடல் காத்து ஹாலு வழியா வந்து அது வழியா போயிரும்ல? தோட்டத்துக் கதவ நான் தொறக்க வேண்டியதே இல்ல. லட்சுமியும் இருப்பாங்க."

திருமுருகன் சிரித்துவிட்டார். "மேடம், எங்க கம்பெனில டிரெயினிங் குடுக்க வர்றீங்களா?" என்றார். இரண்டு பக்கமும் பலகை, நடுவில் நுரை அடைத்த கதவு ஒன்றைக் காட்டினார். சித்ரா அதைத் தட்டிப் பார்த்தாள், அடியில் ரப்பர் பட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், தண்ணீர் பட்டால் ஊறுமா என்று கேட்டாள். கொசுவலை தனியாகக் கழற்றிக் கழுவுகிற மாதிரி வேண்டும் என்றாள். சீனுவாசன் உத்தரவாதப் பத்திரத்தைக்கூட எடுக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் கேட்டார். "அப்ப கதவு போட்டதும் வந்துருவ?"

"அவசரப்படாதீங்க. ஜன்னலு போட்டும் இப்படித்தான் நல்லா கீதுன்னு கூட்டிக்கினு போனீங்க. கதவு மாட்டுனதும் ஒரு வாரம் மத்தியானம் நீங்க அடுப்பாண்ட நின்னு சமைங்க. உங்களுக்குத் தாங்குதுன்னா சொல்லுங்க. வர்றேன்."

"நானா? எனக்கு வெந்நீர்தான் வெக்கத் தெரியும்."

"அதுல ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு அவள் செஞ்சி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

கதவும் வடக்கு ஜன்னலும் சன்ஷேடும் வந்து சேர்வதற்குள் கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. சீனுவாசன் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினார். இன்னா ரைட்டரே, வூட்டுல பத்திரம் எழுதறீங்களா என்று பதிவு அலுவலகத்து ஆட்கள் கேட்டார்கள். சோறு வடிக்கப் போறேன் என்றார். ஜோக்கு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முதல் நாள் சோறு கஞ்சியாயிற்று. இரண்டாம் நாள் கஞ்சி வைக்கலாம் என்று முடிவு செய்தார், அது அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் வெண்ணிலா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பருப்பு வேக வைத்து ஒரு சாம்பார் வைத்தார். உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. ஆனாலும் அவர் போய் ஹாலில் உட்காரவில்லை. இரண்டரையிலிருந்து ஐந்து வரை அடுப்பருகிலேயே நின்றார். கதவின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. நான்கு மணிக்கு ஹால் வழியாகக் காற்று வந்து, அவர் தோளைத் தொட்டுவிட்டு, வடக்கு ஜன்னல் வழியாக வெளியே போனது. சித்ரா சொன்னது அப்படியே நடந்தது. அந்த இடத்தில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் நான்கு மணிக்கு முன்னால் இருக்கிற ஒரு மணி நேரம் வேறு மாதிரி இருந்தது. தகரம் போய்விட்டது என்றாலும் கதவுக்கு இரண்டு பக்கமும் மேற்குச் சுவர் இருக்கிறதே! அது மூன்று மணிக்கு மேல் மெல்ல உள்ளே அனல் விட்டது. முன்னைக்கு இப்போது பாதி கூட இல்லை. ஊரில் எந்தச் சமையல்கட்டோடு ஒப்பிட்டாலும் இது பரவாயில்லை. தாங்குகிறது என்று சொன்னால் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பொய் என்று சொல்ல முடியாதபடி எழுதுவது அவருக்கு முப்பது வருஷத் தொழில்.

ஏழாம் நாள் காலையிலிருந்தே அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா தாங்குது சித்ரா, வந்துரு. நடுவில் வந்த ஒரு நாள் போக, அவள் இல்லாமல் அந்த வீட்டில் நாற்பது நாள் ஆகிவிட்டது. துணி மலையாகக் குவிந்திருந்தது, அது பெரிய விஷயமில்லை. சாயங்காலம் வந்தால் பேச ஆள் இல்லை. பதிவு அலுவலகத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆள் இல்லை.

மூன்றே கால் மணிக்குப் போன் அடித்தது. சீனுவாசன் கரண்டியும் கையுமாக எடுத்தார்.

"ஏழு நாளு ஆயிருச்சு," என்றாள் சித்ரா. "எப்படி கீது?"

"நல்லா..." என்று ஆரம்பித்தார். மேற்குச் சுவரைப் பார்த்தார். கழுத்தில் இருந்த துண்டு நனைந்திருந்தது. காலையில் மருந்துக்கடையில் சில்லறைக்கு நின்றபோது, அந்தப் புருவத் தையலைப் பிரித்த நர்ஸம்மா எதிரே வந்து, அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டது ஞாபகம் வந்தது. இன்னொரு தரம் வந்தால் என்று டாக்டர் சொன்னதும் வந்தது.

"கதவு நல்லா கீது," என்றார். "நீ சொன்ன ஜன்னலு ரொம்ப நல்லா கீது. நாலு மணிக்கு மேல நீ சொன்ன மாதிரியே காத்து வருது. ஆனா மூணு மணிலேர்ந்து நாலு மணி வரிக்கும் செவுரு அனல் அடிக்குது சித்ரா. எனக்கே நேத்து லேசா தலை சுத்துச்சு. நீ இப்ப வராத. கத்திரி முடியட்டும். அதுக்குள்ள செவுத்துக்கு இன்னா பண்றதுன்னு திருமுருகனக் கேக்கறேன். நான் சமைச்சுக்கறேன். நீ அக்கா வூட்டுலயே இரு."

அந்தப் பக்கம் வேணி வீட்டு ஆட்டுக்கிடா கத்தியது.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது," என்றாள். "இன்னா சமைக்கிறீங்க?"

"காரக்கொழம்பு மாதிரி ஒண்ணு."

"புளி கரைச்சு ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன். ஜாஸ்தி ஆயிருச்சு போல."

"கொஞ்சம் வெல்லம் போடுங்க," என்றாள். அப்புறம், "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுல வர்றேன்," என்றாள்.

சீனுவாசனுக்குப் பதறியது. "ஏய், நான் இன்னா சொல்லிக்கினு கீறேன்? சூடு தாங்கல, வராதன்னு சொன்னேனே!"

"அதான் வர்றேன்," என்றாள் சித்ரா.